கமாரோ ஜெயித்த நாள்

என் கணவர் காரில் இறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆம்பூரில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பைபாஸ் முழுக்க சத்தத்தை நிரப்பிக்கொண்டு போய் வந்த மனிதர், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து டீக்குக் காத்திருந்தபோது இறந்தார் என்றால் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை. மார்க்கெட்டில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கறுப்புக் கார்லதான போனாரு?" என்று கேட்டாள். இல்லை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "இருந்தாலும் அந்த மாதிரி வண்டிய வூட்ல வெச்சிக்கக் கூடாதும்மா" என்றாள்.

அந்த மாதிரி வண்டி என்று அவள் சொன்னது ஒரு மஸ்டாங், அமெரிக்கக் கார். ஐந்து லிட்டர் எஞ்சின், எட்டு சிலிண்டர். சென்னையில் ஒருவர் வைத்திருந்து அலுத்துப்போய் விற்றதை இவர் வாங்கி வந்தார். தோல் பதனிடும் கெமிக்கல்களுக்கு ஏஜென்சி எடுத்திருந்தார். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை எல்லா டேனரியிலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. நான் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கிறவள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டில் நான், அவர், அவருடைய அம்மா, அதாவது என் அத்தை. பக்கத்தில் தகரக்கூரை போட்ட ஷெட்டில் அந்தக் கார்.

அவருக்குப் போட்டியாக ஒருவர் இருந்தார். வாணியம்பாடியில் கல்லூரியில் கூடப் படித்த சிநேகிதர், அங்கேயே பரம்பரையாக டேனரி வைத்திருப்பவர். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன், அவர் என்னை பாபி, அதாவது அண்ணி, என்பார். அவரிடம் இருந்தது கமாரோ. வெளிநாட்டில் ஸ்டியரிங்கை வலது பக்கத்துக்கு மாற்றி இறக்குமதி செய்த சிவப்பு வண்டி. எஞ்சின் இன்னும் பெரிது. கியரைக் கையால் போட வேண்டும். ஜன்னல்கள் ஒரு சாண் உயரம்தான் இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து வெளியே எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

எது நல்ல வண்டி என்பதை இருவரும் பேசி முடித்ததே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பேசுவார்கள். துக்க வீட்டு வாசலில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள்.

"டேய் தோஸ்த், டிராக்குல ஒரு ரவுண்டு வேகமாப் போனா போதுமா?" என்பார் இவர். "தெனம் எடுக்கணும். அம்மாவ ஏத்திட்டுத் திருப்பத்தூர் போகணும். ஒரு பார்ட்ஸ் போச்சுன்னா சென்னையில கெடைக்கணும். நாளைக்கு விக்கறேன்னு சொன்னா வாங்க ஆள் வரணும். அதாண்டா வண்டி."

"அதுக்கு நீ ஒரு மினிபஸ் வாங்கியிருக்கலாம்" என்பார் பாய். "பவர் கம்மி, வெயிட் ஜாஸ்தி, கியரும் அதுவே போட்டுக்குது. நீ எதுக்கு உள்ள உக்காந்திருக்க?"

ஒருமுறை சீட் தோலில் எது உசத்தி என்று என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு வண்டியிலும் ஏறி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டுமே மேல்புறத்தைத் தேய்த்து, பெயிண்ட் ஏற்றி, மேலே அச்சு ரேகை போட்ட தோல். "ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டையும் எங்க கம்பெனிக்கு அனுப்பியிருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றேன். அன்று முழுக்க இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கும் ரேஸ் டிராக்கில் இரண்டு வண்டியையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். முதல் தடவை மழை வந்து டிராக்கை மூடிவிட்டார்கள். அடுத்த தடவை கமாரோவின் கிளட்ச் தேய்ந்துபோய், புதியது கப்பலில் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவைக்கு நாள் குறிப்பதற்குள் இவர் இறந்துவிட்டார். அது பாயின் டேனரி ஆபீசில், பாய்க்கு எதிர் நாற்காலியில். "பேசிட்டே இருந்தான் பாபி. தலை சாஞ்சிடுச்சு" என்பதற்கு மேல் பாய் அன்று எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன பிறகுதான் நான் ஷெட்டுக்குள் போனேன். விளக்குப் போடவில்லை. சாவியில் இருந்த பட்டனை அமுக்கியதும், பக்கக் கண்ணாடிகளுக்கு அடியிலிருந்து சிமெண்டுத் தரையில் வெளிச்சம் விழுந்தது. அந்த வண்டியின் சின்னமான ஓடுகிற குதிரை வடிவத்தில், அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்று அது யாரோ வந்திருப்பதற்கு அடையாளம் போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் குதிரைகள் அணைந்தன. மறுபடி அமுக்கினேன்.

கதவைத் திறந்து அவருடைய சீட்டில் உட்கார்ந்தேன். அவர் உயரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்ததால் என் கால் பெடலைத் தொடவில்லை. சீட்டின் வலது ஓரம், ஏறி இறங்கும்போது தொடை உரசும் இடம், தேய்ந்து பளபளவென்று இருந்தது. தோலைப் பார்ப்பதுதான் என் வேலை. எவ்வளவு நாள், எவ்வளவு கனம் பட்டால் ரேகை இப்படி அழியும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

பிரேக்கை மிதிக்காமலே ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். எஞ்சின் ஓடவில்லை, திரை மட்டும் எரிந்தது. ஒரு பாட்டு நடுவிலிருந்து தொடங்கியது. ஒரு வார்த்தையின் பாதியிலிருந்து. கடைசியாக வண்டியை நிறுத்தியபோது அவர் அதுவரை கேட்டிருக்கிறார். உடனே அணைத்துவிட்டேன். அந்தப் பாட்டு மேலே ஓடினால், அவர் நிறுத்திய இடம் தொலைந்துபோய்விடும் என்று தோன்றியது.

அதன்பிறகு சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஷெட்டுக்குப் போவது பழக்கமாகிவிட்டது. பாட்டின் சத்தத்தை முழுக்கக் குறைத்து, ஓடாமல் நிறுத்தி வைக்கக் கற்றுக்கொண்டேன். திரையில் ஒவ்வொரு தடவையும் ஃபோனைத் தேடுகிறேன் என்று ஒரு வரி வரும், ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு ஃபோன் இல்லை என்று வரும். தினமும் தேடியது. அவருடைய ஃபோன் பீரோவில் அணைந்து கிடந்தது. ஒரு நாள் அதற்குச் சார்ஜ் ஏற்றி, எடுத்துக்கொண்டு போய் பக்கத்துச் சீட்டில் வைத்தேன். வட்டம் ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை. அவர் பெயர் திரையில் வந்தது. இணைந்துவிட்டதாகச் சொன்னது. அவர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்றே அந்த வண்டி நம்பியது. நான் கதவைக்கூடச் சாத்தாமல் வெளியே வந்துவிட்டேன். கூடத்தில் அத்தை காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிம்மா" என்றார். ஃபோனை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் பட்டனை அமுக்கினால் குதிரைகள் வரவில்லை. இன்னொரு தடவை அமுக்கினேன். ஒன்றுமில்லை. பாய்க்கு ஃபோன் செய்தேன்.

மறுநாள் காலை அவர் கமாரோவிலேயே வந்தார். என் கணவர் இறந்த பிறகு அந்த வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "ஓட்டாம நின்னா பேட்டரி எறங்கிடும் பாபி. பேஜார் ஒண்ணுமில்ல" என்று சொல்லி, இரண்டு வண்டிகளையும் மூக்கோடு மூக்கு வைத்து நிறுத்தி, சிவப்பும் கறுப்புமாக ஒயர்களை மாட்டினார். கமாரோவை உறுமவிட்டபடி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, பிரேக்கை மிதித்து, ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். மஸ்டாங் ஒரு தடவை இருமிவிட்டு உயிர் பெற்றது. தகரக்கூரை அதிர்ந்தது. என் கணவர் போன பிறகு அந்தச் சத்தத்தை நான் அப்போதுதான் கேட்டேன்.

பேட்டரி செத்ததில் திரையில் கடிகாரம் பன்னிரண்டுக்குத் திரும்பியிருந்தது. பாட்டு தொடங்கியது. வேறு பாட்டு. பென் டிரைவில் இருக்கிற முதல் பாட்டு, முதலிலிருந்து, வாத்தியங்களோடு. அந்தப் பழைய பாட்டைத் தேடி எடுத்தேன். அதுவும் முதலிலிருந்துதான் ஓடியது. எந்த வார்த்தையின் பாதியில் நின்றிருந்தது என்பது எனக்கு நினைவு வரவில்லை. தினமும் பார்த்துப் பார்த்துக் காத்துவந்தும் நினைவு வரவில்லை.

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். பாய் ஒயரைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பார் என்றோ, ஆறுதல் சொல்வார் என்றோ நினைத்தேன். அவர் கையிலிருந்த ஒயரைச் சுருட்டினார்.

"நிக்க நிக்க அவன் போய்ட்டே இருப்பான் பாபி" என்றார். "டிராக்குக்கு எடுத்துட்டுப் போலாம். அவன் கேட்டுட்டே இருந்தான். நான் ரெண்டையும் ஓட்டறேன். நியாயமா ஓட்டறேன்."

அத்தையிடம் சொன்னேன். ஊர் என்ன பேசும் என்று அவர் சொல்லக்கூடும் என்று ஒரு பயம் இருந்தது. "அவன் போகணும்னுதான இருந்தான்" என்றார். "போய்ட்டு வாங்க."

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். முன்னால் சிவப்பு, பின்னால் கறுப்பு. சீட்டை நான் முன்னால் இழுத்துக்கொண்டேன், வேறு வழியில்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் டிக்கெட் கிழிக்கிற பையன்கள் ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். காவேரிப்பாக்கத்தில் ஏரி நிறைந்து கிடந்தது. அங்கே டீ குடிக்க நிறுத்தியபோது பாய் டம்ளரைக் கையில் வைத்தபடி குடிக்காமலே நின்றார். என் கணவர் டீக்குக் காத்திருக்கும்போது இறந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் டம்ளரையும் கீழே வைத்துவிட்டேன்.

டிராக்கில் ஹெல்மெட், டயர், பிரேக் எல்லாம் பார்த்து அனுமதித்தார்கள். பாய் முதலில் மஸ்டாங்கை ஓட்டுவதாக ஏற்பாடு. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். வண்டி கிளம்பவில்லை. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அவர் இறங்கிவிட்டார்.

"முடியல பாபி. அவன் சீட்டு."

அங்கே பயிற்சி கொடுக்கிற ஒரு மனிதர் இருந்தார். வெயிலில் கறுத்து, நரைத்த மீசையோடு, அதிகம் பேசாதவர். பாய் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். "டைம் பாக்கறதுன்னா ரெண்டையும் நானே ஓட்டறேன், ஒரே கை. ஆனா வண்டி உங்களுதும்மா. மொதல்ல நீங்க ஒரு நாலு ரவுண்டு ஓட்டுங்க. பக்கத்துல நான் உக்கார்றேன்."

என் கணவருடைய ஹெல்மெட் எனக்குப் பெரிது. உள்ளே துணியை மடித்து வைத்துக்கொண்டேன். அந்தப் பஞ்சு அவர் தலைக்கு ஏற்ப அமுங்கியிருந்தது. அவருடைய தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வந்தது.

முதல் சுற்று மெதுவாகப் போனேன். இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதையில் அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பாதை முடிகிற இடத்தில் வளைவு வந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சின்னச் சத்தம். என் கணவர் வேகமாக ஓட்டும்போது பிரேக்கில் கால் வைப்பதற்கு ஒரு நொடி முன்னால் அப்படிச் செய்வார். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருடக்கணக்காக அதைக் கேட்டிருக்கிறேன். மாதனூர் திருப்பத்தில் கேட்டிருக்கிறேன், ஏலகிரி மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கேட்டிருக்கிறேன். இப்போது ஹெல்மெட்டுக்குள், காதுக்கு மிக அருகில் கேட்டது. பிரேக் அடித்தேன். வண்டி சரியாகத் திரும்பியது.

அடுத்த வளைவிலும் கேட்டது. அதற்கடுத்ததிலும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, ஆனால் பயமாக இல்லை. இரு, இரு, இப்போது என்று யாரோ சொல்லிக்கொடுப்பது போல, சத்தம் வந்ததும் அமுக்கினேன், வந்ததும் அமுக்கினேன். இப்படியே ஓட்டிக்கொண்டே இருந்துவிடலாம் என்று தோன்றியது. கடைசிச் சுற்றில் பயிற்சிக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பிரேக்குக்கு முன்னாடி நாக்குல ஒரு சத்தம் போடறீங்களே" என்றார். "நல்ல பழக்கம்மா. வுடாதீங்க."

வண்டியை நிறுத்தி இறங்கினேன். என் வாயிலிருந்தா வந்தது என்று அவரிடம் கேட்டேன். "ஆமா, பின்ன யாரு?" என்றார்.

பிறகு அவர் முதலில் மஸ்டாங்கையும், உடனே கமாரோவையும் ஓட்டினார். நானும் பாயும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்றோம். பார்த்தாலே தெரிந்தது. வளைவில் மஸ்டாங் ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு நிமிர்ந்து ஓடியது. கமாரோ சாயவே இல்லை; கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி திரும்பி, அடுத்த நொடி நேர்ப்பாதையில் இருந்தது. டைம் பார்த்தபோது சில வினாடிகள் வித்தியாசம். டிராக்கில் அது மிகப் பெரிய வித்தியாசம் என்றார்கள்.

"டைம்னு பாத்தா செகப்புதான்" என்றார் பயிற்சிக்காரர், ஹெல்மெட்டைக் கழற்றியபடி. "அதுல எங்க பாத்து ஓட்டறதுன்னுதான் தெரியல, வெளிய ஒண்ணும் தெரியாது. ஆனா ஒட்டிக்கினு போகுது. கறுப்பு சாது. வூட்டுக்கு எடுத்துட்டுப் போறதுன்னா அதான்." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பாய் வெகுநேரம் கமாரோவின் பானெட்டில் கை வைத்து நின்றார். அது கொதித்துக்கொண்டிருந்திருக்கும். அவர் கையை எடுக்கவில்லை.

"ஜெயிச்சிட்டேன் பாபி" என்றார். "யார்கிட்ட போய் சொல்றது?"

அவர் அங்கேயே டயர்கள் அடுக்கி வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கு இதத்தான் பேசிட்டிருந்தோம். உன்னுது டிராக்குல நிக்காதுடா, ஒத்துக்கோன்னேன். அவன் சிரிச்சான். ஒத்துக்கறேன்னு சொல்ல வர்ற மாதிரி கைய தூக்கினான். தலை சாஞ்சிடுச்சு. நான் நடிக்கறான்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் அப்டியே பாத்துட்டு உக்காந்திருந்தேன். நடிக்கறான்னு."

அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. அந்த ஆபீஸ் அறையைப் பூட்டிவிட்டு இப்போது கீழே குடோனில் உட்கார்ந்துதான் கணக்குப் பார்ப்பதாகச் சொன்னார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிராக்கில் வேறு யாருடைய வண்டிகளோ போய்க்கொண்டிருந்தன. "உங்க டீய குடிங்க பாய்" என்றேன், அங்கே காகித டம்ளரில் கொடுத்ததை. இருவரும் குடித்தோம்.

அந்தக் கோடையில் காரை விற்பதென்று முடிவு செய்தேன். ஓட்டினால் என் வாயிலிருந்து அவர் வருகிறார், நிறுத்தினால் ஷெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறார். இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை. ஒசூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நிதானமான மனிதர். கமாரோவும் அன்று வாசலில் நின்றது. பாயை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அது விக்கறதில்லையா?" என்று சிவப்பைக் காட்டிக் கேட்டார்.

பாய் முந்திக்கொண்டார். "அது வேணாம் சார். பார்ட்ஸுக்கு நாயா அலையணும். வெளிய ஒண்ணும் தெரியாது. இத எடுங்க. தெனம் எடுக்கலாம். அம்மாவ ஏத்திட்டுப் போலாம். நாளைக்கு விக்கறேன்னு சொன்னாலும் ஆள் வரும். அதான் சார் வண்டி."

அவர் என் கணவருடைய வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னார். கையை ஆட்டுகிற விதம்கூட அதே மாதிரி இருந்தது. அத்தை உள்ளேயிருந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஷெட்டின் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒசூர்க்காரர் மறுவாரம் வந்து வண்டியை எடுத்துப் போனார். போவதற்கு முன் சீட்டைத் தன் உயரத்துக்கு மாற்றிக்கொண்டார். கண்ணாடிகளைத் திருப்பிக்கொண்டார். பென் டிரைவை எடுத்து என்னிடம் கொடுத்தார், மறந்துவிட்டீர்கள் என்று.

அதற்குப் பிறகு பாய் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையைப் பார்க்க வர ஆரம்பித்தார். கமாரோவைக் காலியான ஷெட்டில் நிறுத்துவார். அத்தையோடு கொஞ்ச நேரம் பேசுவார், கொண்டுவந்த பழத்தை வைத்துவிட்டுப் போவார். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, பைபாஸிலிருந்து அந்தச் சத்தம் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, அத்தை தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, கண்ணாடிகூடப் போடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எது எந்த எஞ்சின் என்று அவருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி உறுமல்தான். பாய் ஷெட்டில் வண்டியை விட்டு இறங்கி வந்தார். அத்தை அவர் தோளைத் தாண்டி, அந்தப் பக்கக் கதவு திறக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "நீயாப்பா, வா" என்றார்.

பாய் அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் எந்தச் சத்தமும் இல்லை. வர மாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், வாணியம்பாடியிலிருந்து அவ்வளவு தூரம் வெயிலில் ஸ்கூட்டரில் வந்து, சட்டை முதுகோடு ஒட்டிப்போய், பழப்பையோடு நின்றிருந்தார்.